மொகிட்டோவில் புதினாவை இடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பறித்த புதினாவைக் கொண்டு மொகிட்டோ என்ற ரம் கலந்த பானத்தைத் தயாரிக்கும் முறை பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடையில் விற்கும் கலவைப் பாட்டில்களை நாடாமல், செடியிலிருந்து நேரே குவளைக்குக் கொண்டுவரும் வழியை வாசகர்களுக்குக் காட்டியது பாராட்டத்தக்கது. ஆனால் புதினாவைக் குவளையில் போட்டு நன்றாக நசுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அச்சிலும் காணொளிகளிலும் இதே அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. அதை நம்பிச் செய்பவர்கள், பானம் கசந்துபோனால் ரம்மைக் குறை சொல்கிறார்கள், அல்லது எலுமிச்சையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கசப்புக்குக் காரணம் இடித்த புதினாதான்.

புதினாவின் மணம் இலையின் சதைக்குள் புதைந்திருப்பதில்லை. இலையின் மேற்பரப்பிலும், அதைவிட அதிகமாக அதன் அடிப்புறத்திலும், நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பார்த்தால் அவை பளபளக்கும் சிறு புள்ளிகளாகத் தெரியும். அவற்றை மூடியிருக்கும் உறை மிக மெல்லியது. செடியின் அருகே நடக்கும்போது கை பட்டாலே மணம் எழுவது அதனால்தான். ஆகவே, மணத்தை வெளிக்கொணர லேசான அழுத்தமே போதும். அதைத் தாண்டி இலை கூழாகும்வரை இடித்தால், உள்ளிருக்கும் செல்கள் சிதைந்து பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும் பானத்தில் இறங்குகின்றன; முழு இலையில் தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களும் நொதிகளும் ஒன்றோடொன்று கலந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறத் தொடங்குகின்றன. கிடைக்க வேண்டிய மணம் கிடைத்த பிறகும் இடித்துக்கொண்டே இருப்பவர், அதற்கு மேல் கசப்பையும் பற்களில் ஒட்டும் இலைத் துணுக்குகளையும் மட்டுமே சேர்க்கிறார்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்து உலகெங்கும் பரவிய இந்தப் பானத்துக்கு ஐந்தே பொருள்கள்தான்: வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, புதினா, சோடா. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் 45 மி.லி. ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 2 தேக்கரண்டி கரும்புச் சர்க்கரை, புதினாக் கொத்து 6 என்று அளவு தரப்பட்டிருக்கிறது. அளவைவிட வரிசை முக்கியம் என்பது என் கருத்து. முதலில் சர்க்கரையையும் சாற்றையும் உயரமான குவளையில் இட்டு, சிறிது சோடா விட்டு, சர்க்கரை முழுவதும் கரையும்வரை கலக்க வேண்டும். கரையாத சர்க்கரையின் மேல் இலையைப் போட்டு அழுத்தினால், படிகங்களின் கூர்முனைகள் இலையைக் கீறிவிடும். சர்க்கரை கரைந்த பிறகே புதினாவை இட வேண்டும். தட்டையான அடியுள்ள மரக்கட்டையால் நான்கைந்து முறை மெல்ல அழுத்தி, கட்டையைச் சற்றே திருப்பி எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் இலை கசங்கி, நிறம் சற்று ஆழ்ந்து, ஆனால் முழுதாக இருக்க வேண்டும். குவளைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனால் மணம் தானாக வர வேண்டும். அதுவே நிறுத்த வேண்டிய இடம். பிறகு குவளை நிறையப் பனிக்கட்டி, அதன்மேல் ரம், கடைசியாகச் சோடா. நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஓரிரு முறை தூக்கிவிட்டால் போதும். அதற்கு மேல் கலக்கினால் சோடாவின் நுரைப்பு போய்விடும்.

மேலே செருகும் கொத்தைப் பலர் வெறும் அலங்காரமாக நினைத்து வாடியதை வைத்துவிடுகிறார்கள். ஆனால் குடிப்பவருடைய மூக்குக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நாம் சுவை என்று உணர்வதில் பெரும்பங்கு மணமே என்பதால், மிகச் சிறந்த நுனிக்கொழுந்தை அதற்கென்றே ஒதுக்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு முறை தட்டிவிட்டுச் செருக வேண்டும்.

எந்தப் புதினா என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. ஸ்பியர்மின்ட் வகையின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். அது இனிமையானது, எலுமிச்சையோடும் ரம்மோடும் இணங்கிப் போகும். பெப்பர்மின்ட்டில் மேலோங்கியிருப்பது மெந்தால். அதை இட்டுச் செய்த மொகிட்டோ, வாயைக் குளிரவைத்து மற்றச் சுவைகளை மறைத்துவிடுகிறது. கியூபாவில் பயன்படும் வகை ஸ்பியர்மின்ட்டின் நெருங்கிய உறவு. நாற்று வாங்கும்போது ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஒரு வகையை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: பென்னிராயல் எனப்படும் புதினா இனம். அதிலுள்ள புலிகோன் என்ற பொருள் கல்லீரலுக்கு நஞ்சு. பெயர் தெரியாத செடியைப் புதினாவைப் போல மணக்கிறது என்பதற்காக மட்டும் பானத்தில் இடக்கூடாது.

செடி வளர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பானத்தைப் பற்றி எழுத இயலாது. புதினா மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டு, கிடைத்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும்; ஆகவே அதற்குத் தனித் தொட்டி வேண்டும். ஈரம் காயாத மண்ணும், கடும் பகலில் சிறிது நிழலும் அதற்கு ஏற்றவை. பானத்துக்கென்று அடியிலுள்ள முற்றிய இலைகளைப் பொறுக்குவது வீண். நுனியில் இரண்டு மூன்று கணுக்களோடு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளியெடுத்தால், அந்தக் கணுவின் இரு பக்கத்திலும் புதுத் துளிர் விடும். பறிக்கப் பறிக்க அடர்ந்து வளரும் செடி அது. மொட்டு தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். பூக்க விட்டால் புதுக்கொழுந்து குறைந்துவிடும். பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, அடித்தண்டு தண்ணீரில் நிற்கும்படி வைத்தால் மாலைவரை வாடாது. வதங்கிய கொத்தைக்கூடச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் மூழ்க விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பூச்சிமருந்து தெளித்த செடியானால், மருந்து உறையில் குறிப்பிட்டுள்ள இடைவெளி கழியாமல் பறிக்கக் கூடாது. கழுவினால் போய்விடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எல்லா மூலிகைக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2008-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோர்க் மேயர் என்ற பார்டெண்டர் உருவாக்கிய ஜின் பேசில் ஸ்மாஷ் என்ற காக்டெயிலில், துளசி இனத்தைச் சேர்ந்த பேசிலின் இலைகளைத் தாராளமாக இட்டு அழுத்தமாகவே நசுக்குகிறார்கள். அந்தப் பச்சை நிறமே அதன் அடையாளம். ஆனால் அது உடனே ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பனிக்கட்டியோடு குலுக்கப்பட்டு, நுண்வடிகட்டியில் வடிந்து, இலை நீங்கிய நிலையில் பரிமாறப்படுகிறது. மொகிட்டோவிலோ கடைசி மிடறுவரை இலை பானத்திலேயே கிடக்கிறது. பேசிலைப் பறித்துக் குளிர்பெட்டியில் வைக்கவும் கூடாது. குளிர் தாங்காமல் இலை கறுத்துவிடும். ரோஸ்மேரியின் ஊசியிலைகளை நசுக்கினால் பிசின் வாடை தூக்கலாகிவிடும். ஒரு சிறு கொத்தைச் சூடான சர்க்கரைப் பாகில் ஊறவிட்டு எடுத்துவிடுவதே நல்லது.

ரம்மை அளக்காமல் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றும் பழக்கத்தைத் தங்கள் கட்டுரை கண்டித்திருக்க வேண்டும். 40 விழுக்காடு செறிவுள்ள ரம் 45 மி.லி. என்பது ஏறக்குறைய 14 கிராம் தூய ஆல்கஹால். சர்க்கரையும் புளிப்பும் அதன் காரத்தை மறைத்துவிடுவதால், இரண்டு மடங்கு ஊற்றினாலும் குடிப்பவருக்குத் தெரிவதில்லை. விருந்தினருக்குக் கொடுப்பவர் அளவுக்குவளையைப் பயன்படுத்துவது அவருடைய கடமை. வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியவருக்கு ரம் விடாமல் அதே குவளையை முழுக் கவனத்தோடு செய்து கொடுக்கலாம். புதினாவைச் சரியாகக் கையாண்டிருந்தால் அந்தக் குவளையும் நிறைவாகவே இருக்கும்.

இந்தக் கட்டுரையைத் திருத்தி மீண்டும் வெளியிடும் எண்ணம் இருந்தால், நசுக்கவும் என்ற சொல்லை நீக்கி, புதினா வகையையும் சேர்க்கும் வரிசையையும் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். தோட்டத்திலேயே அமர்ந்து எலுமிச்சை பிழிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒருவகைப் பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து கொப்பளிக்கும். ஆறிய பிறகும் கருந்தழும்பு பல வாரங்கள் மறையாது. நிழலில் பிழிவதும், வெயிலுக்குப் போவதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டு மணிக்கட்டுவரை கழுவுவதும் இதைத் தடுத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்