பெரிகிளீசின் தலைக்கவசம்

அன்பு மகளுக்கு,

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து நீ அனுப்பிய பெரிகிளீஸ் சிலையின் படம் கிடைத்தது. வகுப்பில் நான் பெயரளவில் நடத்திய அந்தப் பண்டைய ஏதென்ஸ் தலைவரின் முகத்தை என் மகள் நேரில் நின்று பார்த்திருக்கிறாள் என்று உன் பெரியப்பா வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

கிரெசிலாஸ் என்ற சிற்பி கி.மு. 430 வாக்கில் செய்த வெண்கலச் சிலை ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றில் நின்றது. அது அழிந்துபோய், ரோமானியர் காலத்துப் பளிங்குப் பிரதிகளே எஞ்சியிருக்கின்றன. அந்த முகத்தில் கவலையும் இல்லை, வயதும் இல்லை. பெரிகிளீசின் தலை அளவுக்கு மீறி நீண்டிருந்ததால் ஏதென்சின் கவிஞர்கள் அவரை நரிவெங்காயத் தலையர் என்று கேலி செய்தார்கள் என்றும், அதை மறைக்கவே சிற்பிகள் தலைக்கவசம் அணிவித்தார்கள் என்றும் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். தளபதிப் பதவியின் அடையாளமே அந்தக் கவசம் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து. உன் அம்மாவும் இப்படித்தான், எதற்கும் கௌரவமான காரணம் ஒன்றை முதலில் எடுத்துவிடுவாள். சிலையருகே நீ அணிந்திருந்த கம்பளித் தொப்பியைப் பார்த்து, லண்டன் குளிர் என்றாள். நான் மறுக்கவில்லை. அது ஜூலை மாதத்துப் படம்.

கிரேக்கர்கள் ஒருவரின் உருவத்தைத் தலையோடு நிறுத்தியவர்கள் அல்லர். நிற்கும் விதம், தோள், கை, ஆடை எல்லாம் சேர்ந்ததே அவர்களுக்கு ஆள். தலையை மட்டும் தனியே எடுத்துப் பிரதியாக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ரோமானியர்களே. நீ எப்போதாவது அழைக்கும்போது எங்களுக்கும் கழுத்துவரைதான் தெரிகிறது. இளைத்திருக்கிறாயா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? நேரத்துக்குச் சாப்பிடு.

என்னைக் கேட்டால், பெரிகிளீசைவிட ஏதென்சின் பேச்சாளர் டெமஸ்தனீஸின் சிலையே உயர்ந்தது. அவர் இறந்தது கி.மு. 322இல்; அதற்கு 42 ஆண்டுகள் கழித்து, பாலியூக்டஸ் செய்த அவருடைய வெண்கலச் சிலையை ஏதென்ஸ் மக்கள் தங்கள் சந்தைவெளியில் நிறுவினார்கள். அதன் முழு உருவப் பிரதி கோபன்ஹேகனில் இருக்கிறது. மெலிந்த கைகள், சுருங்கிய நெற்றி, தாழ்ந்த பார்வை, முன்னால் கோத்த விரல்கள். மாசிடோனிய அரசிடம் தோற்றவர் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. “உன் மன உறுதிக்கு ஈடான வலிமையும் இருந்திருந்தால் கிரேக்கர்களை மாசிடோனியர் ஆண்டிருக்கமாட்டார்கள்” என்று பீடத்திலேயே பொறித்தார்கள். மெலிவை ஊரறியக் காட்டியதால் அவருடைய மதிப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொந்த மனிதர்களிடம் குறைய என்ன இருக்கிறது?

அந்தக் கோத்த விரல்களுக்குள் ஒரு போர்வீரன் தன்னிடமிருந்த சிறிதளவு தங்கத்தை வைத்துவிட்டுப் போனதாகவும், பக்கத்து மரத்தின் இலைகள் விழுந்து அதை மூடிக்கொண்டதால் திரும்பி வரும்வரை அது பத்திரமாக இருந்ததாகவும் புளூட்டார்க் சொல்கிறார். உன் பெயரில் நான் போட்டிருந்த வைப்புத்தொகை போன மாதம் முதிர்ந்துவிட்டது. கோபன்ஹேகன் போய் அந்தச் சிலையைக் காலிலிருந்து தலைவரை படமெடுத்து அனுப்புவதற்கு எடுத்துக்கொள். டாக்டர் செலவு என்று எதற்காவது அது போனாலும் நான் கணக்குக் கேட்கமாட்டேன், அம்மாவிடமும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா