தமிழ்ப் பாடசாலைப் பெற்றார் சங்கம், இலண்டன்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெற்றார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் செயற்குழு எட்டுத் தடவை கூடியது. வாணிவிழா, பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி மூன்றும் நன்றாக நடந்தன. படங்கள் எல்லாரிடமும் இருப்பதால் அவற்றை இதோடு விடுகிறேன்.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி. தை மாதக் குளிரில் ஒரு பிள்ளை மூன்று சனிக்கிழமை கோட் இல்லாமல், ஈரச் சப்பாத்தோடு வந்தது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகளிடம் பிஸ்கட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. வகுப்பாசிரியை கண்டிருக்கிறார். என்னிடம் சொன்னது நாலாவது கிழமை. “டேட்டா புரொடெக்ஷன் சட்டம் இருக்குத்தானே அண்ணா, வீட்டு விஷயத்தை எழுதி வைக்கக்கூடாது என்று நினைச்சன்” என்றார். கவுன்சிலின் சிறுவர் சேவைக்குப் போன் எடுத்தேன். எந்தத் திகதியில் என்ன கண்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். எங்களிடம் ஒரு வரி இல்லை. பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு இலக்கம்கூட வெறுமையாக இருந்தது. ஆனால் அதே கிழமை பெற்றார் வட்ஸ்அப் குழுவில் அந்தப் பிள்ளையின் பெயரும் குடும்பக் கதையும் ஓடித் திரிந்தன. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

சட்டத்தைப் பற்றிய பயம் தேவையில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்ற நியாயமான கவலை இருந்தால், பெற்றாரின் சம்மதம் இல்லாமலும் கவுன்சிலுக்கோ பொலிசுக்கோ சொல்ல 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சம்மதம் கேட்கப்போய்ப் பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் கேட்கவே வேண்டாம். தேவையானதை மட்டும், உரிய ஆளிடம் மட்டும் சொல்லி, ஏன் சொன்னோம் என்று எழுதி வைக்க வேண்டும். வட்ஸ்அப் குழு உரிய ஆள் இல்லை.

2000ஆம் ஆண்டு இதே இலண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுப் பிள்ளை வீட்டுக்குள் சித்திரவதைப்பட்டு இறந்தாள். கவுன்சில்கள், பொலிஸ், இரண்டு ஆஸ்பத்திரிகள் எல்லாம் அவளைக் கண்டிருந்தன. ஆளுக்கொரு துண்டுத் தகவல் வைத்திருந்தார்கள், சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 108 பரிந்துரைகளோடு 2003இல் வந்தது. அதன் பிறகு வந்ததுதான் 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம்.

அதனால் ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரித்தேன்: கண்ட திகதி, கண்டது, யாரிடம் சொன்னோம், காரணம். அது பூட்டிய அலுமாரியில் இருக்கும். திறப்பு அதிபரிடமும் என்னிடமும்தான். இதை விளக்க வைத்த பயிற்சிக்கு 22 தொண்டர்களை அழைத்தோம், 7 பேர் வந்தார்கள். மிச்சப்பேருக்கு அன்று என்ன வேலையோ தெரியாது. எனக்கு மனவருத்தம்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை கூடியதால் கையிருப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சந்தா கட்டாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதிபர், ஆசிரியர்கள், சமையலுக்கு நின்ற அம்மாமார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த வருடமும் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பை நான் பார்க்கத் தயார். ஆனால் தனியாக முடியாது. நான் வராத சனிக்கிழமை ஒரு ஆசிரியை யாரிடம் போய்ச் சொல்வார்? உதவிப் பொறுப்பாளராக ஒருவர் வேண்டும், இளம் பெற்றார் என்றால் நல்லது. அப்புறம், வாசலடி மேசையில் பதிவுப் படிவங்கள் வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் பிள்ளையின் படிவத்தை எடுத்து, அவசர இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இன்றைக்கே எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர்