ஐஸ் மிதப்பது காற்றால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் கேள்வி–பதிலில், ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்பதற்கு ‘உள்ளே காற்றுக்குமிழிகள் சிக்கியிருப்பதால்’ என்று போட்டிருந்தீர்கள். ஏழாவது படிக்கும் என் பேத்தி அதைக் கொண்டுவந்து, “தாத்தா, நீங்க ஐஸ் கம்பெனியில இருந்தவங்கதானே, இது நெசமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். தகர கேன்களில் நல்ல தண்ணீர் பிடித்து, குளிரவைத்த உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். விளிம்பு வரை பிடிக்கக் கூடாது என்பதுதான் முதல் நாள் பாடம். உறையும்போது மேலே பொங்கி வரும். சும்மா உறையவிட்டால் கட்டியின் நடுவே காற்று சேர்ந்து பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். குழாய் விட்டுக் காற்று ஊதி, தண்ணீரை அலைத்துக்கொண்டே உறையவைத்தால் குமிழி தங்காது. கட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சட்டையின் கட்டம்கூடத் தெரியும். அந்தக் கண்ணாடிக் கட்டியையும் தண்ணீரில் தள்ளிப் பார்த்திருக்கிறேன். மிதக்கத்தான் செய்தது.

காரணம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. திரவமாக இருக்கும்போது மூலக்கூறுகள் நெருக்கியடித்துப் புரள்கின்றன. உறையும்போது ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு, அறுகோண வளையங்களாக, இடைவெளி விட்டு நின்றுவிடுகின்றன. அதே எடைக்கு இடம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குமிழியே இல்லாத ஐஸ் ஒரு லிட்டர் அளவுக்கு ஏறத்தாழ 917 கிராம்தான். நல்ல தண்ணீரில் போட்டால் பன்னிரண்டில் பதினோரு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே.

பெரும்பாலான பொருள்கள் இப்படிச் செய்வதில்லை. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், உறைந்தது அடியில், உருகியது மேலே. கிண்ணத்தில் முழுக்க உறைந்த எண்ணெய் நடுவில் குழிந்திருக்கும். ஃப்ரிட்ஜ் தட்டில் ஐஸ் கட்டியோ நடுவில் மேடிட்டிருக்கும். பேத்திக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வேறு கேள்வியே கேட்கவில்லை.

காவிரிக் கரையில் எந்தக் குளமும் உறையப்போவதில்லை. உறையும் நாடுகளில் ஏரி மேலிருந்துதான் உறைகிறது. தண்ணீர் மிகவும் கனப்பது 4 டிகிரி செல்சியஸில்; அது அடியில் தங்க, ஐஸ் மேலே மூடிபோல் கிடக்க, நடுவில் மீன் பிழைத்துக்கொள்கிறது. மீனை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்த இதழிலேயே, அதே சிறுவர் பக்கத்தில் திருத்தம் போடுங்கள். அரையாண்டுத் தேர்வு வருகிறது. உங்கள் பதிலை நம்பிப் பிள்ளைகள் அப்படியே எழுதிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் கம்பெனித் தொழிலாளி,
நாகப்பட்டினம்