விளக்கைப் போட்டுக்கொள்

அம்பாசமுத்திரம்,
9.11.2025

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி எப்போதும் போலத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் மாதாமாதம் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆற்றில் நல்ல தண்ணீர். கார் பருவத்துக்குப் போட்ட அம்பை 16 நெல் மோசமில்லாமல் கண்டது. இப்போது பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் நின்றிருப்பார்கள்.

போனில் பேசினால் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. வேலை இருக்கும், எனக்குப் புரியாமல் இல்லை. தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறாய். நம் தெருவில் யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. ஆனால் அப்பா திதிக்கு வராமல் பணத்தை அனுப்பினாயே, அது எனக்கு ஆறவில்லை. பணம் யார் கேட்டது? ஆடியில் வந்தபோதும் மூன்று நாளும் மாடியறையை விட்டு இறங்கவில்லை. உனக்கென்று சொதி வைத்தேன். இரண்டு கரண்டியோடு எழுந்துவிட்டாய்.

ராத்திரி தூங்குகிறாயா? தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் விளக்கைப் போட்டுக்கொள். இருட்டில் உட்காராதே. யார் சொன்னார்கள் என்று யோசிக்காதே, யாரும் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? பேத்தியை ஒன்றும் கேட்காதே. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை.

புரட்டாசியில் எனக்கு வலது கண் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். மேற்கே மலை தெரிந்தது கோமதி. மடிப்பு மடிப்பாக, நீலமும் கறுப்புமாக, மேலே வெள்ளைக்கோடு மாதிரி ஓர் ஓடைகூடத் தெரிந்தது. மூன்று வருஷமாக மலையில் புகைமூட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மதினியிடம்கூட, முன்மாதிரி இப்போது மலை தெளிவாகவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவளும் பாவம், ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். வெகுநேரம் நின்று பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ஆபீஸ் போகிற நேரம் என்று வைத்துவிட்டேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கடைசியாகப் பேசியபோது நீ, "இனிமே என்னம்மா இருக்கு, எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாய். நான் உடனே, "நல்லதையே நினை, மனசைத் திடமா வச்சுக்கோ, உனக்கு என்ன குறை" என்றேன். வீடு இருக்கிறது, மாப்பிள்ளை தங்கமானவர் என்று கணக்கும் சொன்னேன். நீ "சரிம்மா" என்றாய். அதற்குப் பிறகு போனே இல்லை. அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் எனக்கு ஒரு காலத்தில் மற்றவர்கள் சொன்னது. கேட்டபோது எப்படி இருந்தது என்பது மறந்துபோய் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு இப்போது 47. எனக்கு 47 ஆனது 1997-ல். நீ பாளையங்கோட்டையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அந்த ஒன்றரை வருஷமும் எனக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போய்விட்டது. வந்தால் பதினைந்து நாள் நிற்காது, வராவிட்டால் மூன்று மாதம் வராது. வகுப்பில் நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கழுத்திலிருந்து நெருப்பு ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. அப்பாவிடம் சொல்ல வெட்கம். ஆச்சியிடம் சொன்னேன். "எல்லாருக்கும் வர்றதுதான், நல்லதை நினை" என்றார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ஸ்கேல் ஒடிகிற மட்டும் அடித்தேன். என்ன தப்புச் செய்தான் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்திருந்தாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாய், பால் பொங்கி வழிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு நான், "உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருந்தா துணி துவைக்கவாவது ஆயிருக்கும்" என்றேன். அந்தப் பெண் வாசலில் நிற்கும்போதே சொன்னேன். நீ பதில் பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு சனி ஞாயிறு வருவதையும் நிறுத்திக்கொண்டாய். படிப்பு அதிகம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். நீ போன அன்று ராத்திரி, அதே அடுப்பு முன்னால், விளக்கைப் போடாமல் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்த இருட்டு எனக்குத் தெரியும் பிள்ளே.

உடம்பு அப்படி இருந்தது என்று சொல்லி நான் தப்பிக்க நினைக்கவில்லை. உடம்பு சரியில்லாத எல்லாரும் பெற்ற பிள்ளையை அப்படிப் பேசுவதில்லை. இருபத்தெட்டு வருஷமாக உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்தது பாதி, மறந்திருக்கட்டும் என்று விரும்பியது மீதி. என்னை மன்னித்துக்கொள்.

பெரிய டீச்சர்தான் என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது, 12 இருக்க வேண்டுமாம். இவ்வளவு குறைவாக இருந்தால் எதைப் பார்த்தாலும் மலைப்பாகத்தான் இருக்கும், அழுகை வரும், இது உங்கள் குணம் இல்லை என்று அந்த டாக்டரம்மா சொன்னார்கள். அதைக் கேட்டதும் அங்கேயே அழுதேன். இரும்புச் சத்து மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டேன். அப்புறம் பெரிய டீச்சர் தினமும் காலை ஐந்து மணிக்கு நம் வாசலில் வந்து நிற்பார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "செருப்பைப் போடு" என்பார்கள், அவ்வளவுதான். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவோம். ஒரு மாதம் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் பாலத்தில் வரும்போது பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதனால் உன்னைச் சிரித்துக்கொண்டே இரு என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார். நம் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-ல் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. நிற்பதற்குச் சில வருஷம் முன்பே தூக்கமும் மனசும் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தாற்போல வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ஹீமோகுளோபினோடு தைராய்டும் பார்க்கச் சொல். மனசு சரியில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. டாக்டரிடம் போகப் பிடிக்காவிட்டால் 14416 என்று ஒரு எண் இருக்கிறது, அரசாங்கத்துடையது, ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். குறித்துக்கொள். மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படாதே. நான் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருப்பார்கள். அது எனக்கு அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

47 வயதில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தவள்தான் நானும். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். அடித்தேனே அந்தப் பையனின் தங்கைக்கும் நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், ஒரு நாளும் கை ஓங்கவில்லை. 75-ல் கால் வலிக்கிறது, பெயர்கள் மறக்கின்றன, அப்பா இல்லை. இதெல்லாம் இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் திண்ணைக்கு வாய்ப்பாடு சொல்ல வரும் என்று மூன்று மணியிலிருந்தே காத்திருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டும் மாவடுவும் அனுப்பியிருக்கிறேன். பேத்திக்கு அப்பளத்தைச் சுட்டுக் கொடு, பரீட்சை நேரத்தில் எண்ணெய் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. விளக்கைப் போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பேச வேண்டும் என்றில்லை. எனக்கு இப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். மணி பார்க்காமல் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா