காசிமேட்டு கூறு

டேய் குமாரு,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கு இன்னும் பதில் போடல, தப்புதான், திட்டாத. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலிதான் விடல. பாபு உன்மேல இன்னும் கோவமாத்தான் இருக்கான், கல்யாணத்துக்கு வராதது நீ, நீயே பேசிக்கோ.

நேத்து கிளாஸ்ல ஒண்ணு நடந்துச்சு மச்சி, சொல்லாம இருக்க முடியல. இந்த செமஸ்டர் பசங்களுக்கு இன்டர்ஃபேஸ் டிசைன் எடுக்குறேன்ல, அதான் ஆப், வெப்சைட் ஸ்க்ரீன் வடிவமைக்கிறது. டேப், விசார்ட், பிரெட்கிரம்ப், கார்டுன்னு பேட்டர்ன், அதாவது அடிக்கடி வர்ற பிரச்சனைக்கு ரெடியா இருக்குற தீர்வுங்கள வெச்சுதான் ஆரம்பிச்சேன், பசங்க ரெண்டே வாரத்துல மனப்பாடம். ஆனா ஸ்க்ரீன் வரைங்கடான்னா, பேரும் போன் நம்பரும் மட்டும் கேக்குற ஃபார்முக்கு ஒருத்தன், 'அடுத்து, அடுத்து'ன்னு ஒவ்வொரு ஸ்க்ரீனா போற மூணு ஸ்டெப் விசார்ட் போட்டு வெச்சிருக்கான். ஏன்டான்னா "சார், அது பேட்டர்ன் சார்"ங்குறான். வயிறு எரிஞ்சுபோச்சு.

நான் விடைய மட்டும் குடுத்துட்டேன், கேள்விய குடுக்கலடா. பேட்டர்ன்னு எழுதுற முறைய கொண்டுவந்த ஆர்க்கிடெக்ட் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் குரூப்பு 1977ல புக்கா போட்ட 253 பேட்டர்னும் ஊரு, தெரு, வீடு பத்தினது. 242வது என்ன தெரியுமா, வாசல்ல ஒரு பெஞ்சு. ராயபுரத்துல உங்க பாட்டி வீட்டு திண்ணைதான்டா அது! ஒவ்வொண்ணுலயும் மொதல்ல பிரச்சனை, எதுக்கும் எதுக்கும் இழுபறின்னு வரும், அப்புறம்தான் தீர்வு. அதனால லேப்டாப்ப மூட சொல்லிட்டு, உங்க ஏரியாவுல ஒரு பேட்டர்ன் பாத்து இப்படி எழுதிட்டு வாங்கன்னேன்.

காசிமேட்டு பொண்ணு ஒருத்தி, அம்மா மீன் விக்கிறாங்க, "கூறு"ன்னு தலைப்பு போட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வந்தா. வாங்க வர்றவங்க கைல நூறு ரூபா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பொடி மீன எடை போட்டு பேரம் பேசிட்டு நிக்க முடியாது, ஆனா கண்ணால பாத்துதான் வாங்கணும். அதனால நெத்திலிய கூறு கூறா வெச்சு எல்லாம் ஒரே ரேட்டு. கீழ கடைசியா ஒரு வரி: "வஞ்சிரத்துக்கு இது ஆகாது, எடை போட்டுதான் விக்கணும்." எங்க யூஸ் பண்ணக்கூடாதுன்னு அவளே எழுதிட்டாடா, நான் அத சொல்லித்தரவே இல்ல! அப்புறம் அவ வரைஞ்சு வெச்சிருந்த மொபைல் ரீசார்ஜ் ஸ்க்ரீன்ல வரிசையா தொங்கின நாப்பது பிளானையும் தூக்கிட்டு, மொத ஸ்க்ரீன்ல மூணே கூறு வெச்சா.

ஆனா எக்ஸாம்ல "ஏதேனும் ஐந்து பேட்டர்ன்களை விவரி"ன்னுதான வரும், இதுக்கு நான் எங்க மார்க் போடுறது? ராத்திரி முழுக்க இதே யோசனை. மனப்பாடம் பண்ணி எழுதுன பசங்க பாஸாகி, இவ மாதிரி யோசிக்கிறவ பின்தங்கிட்டா என்னால தாங்க முடியாதுடா.

நீ டெய்லி ஆளுங்கள இன்டர்வியூ எடுக்குறவன். சனிக்கிழமை வா, அவ பேப்பர படி, கிளாஸ்ல ஒரு மணி நேரம் பேசு. முடிச்சுட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடலாம், பாபுவையும் கூப்புடுறேன்.

சேகர்