செயலாளர் ஆண்டறிக்கை: 39ஏ ஏவுதளம், 96-இல் ஒரு பங்கு

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்தை 96-இல் ஒரு பங்கு அளவில் கட்டும் கூட்டு வேலை, இந்த ஆண்டு கோபுரம் நிமிர்ந்து நிற்கும் நிலைக்கு வந்திருக்கிறது. ராக்கெட்டும் கோபுரமும் நிற்கும் மேடைப் பெட்டி இரண்டாம் முறையாகக் கட்டி முடிந்தது. கோபுரத்திலிருந்து ராக்கெட்டுக்கு நீளும் ஒன்பது சுழல்கைகளில் ஆறு ஏறிவிட்டன. ராக்கெட்டின் நெருப்பை வெளியே விடும் சுடர்வாய்க்கால் கட்டியாயிற்று, பூச்சு பாக்கி. கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் பதிவேட்டில் இருப்பதால் அவற்றை இங்கே மறுபடி வாசிக்கவில்லை. எது கெட்டது, ஏன் கெட்டது என்பதுதான் இந்த மேசைக்குப் புதிதாக வரும் உறுப்பினருக்குத் தேவைப்படும். அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியே.

அளவைப் பற்றி இனி விவாதம் வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. 1/144 எடுத்திருந்தால் இடம் மிச்சம்தான். ஆனால் அப்பல்லோ கால வரைபடங்கள் எல்லாம் அடி, அங்குலத்தில் உள்ளன. 1/96-இல் ஒரு அடி என்பது சரியாக எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மி.மீ. 160 அடிக்கு 135 அடி மேடை 508 மி.மீ.க்கு 428.6 மி.மீ. ஆகிறது. 363 அடி சாடர்ன் 5 ராக்கெட் 1152 மி.மீ. உயரம் வருகிறது. கணக்கில் தடுமாற்றம் குறைவு. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியையும் 0.4 மி.மீ.யில் உண்மை அளவிலேயே போட முடிகிறது.

இந்த ஆண்டின் முக்கியத் தீர்மானம் நேரத்தைப் பற்றியது. மாதிரி காட்டும் நேரம் 1969 ஜூலை 16, காலை 9 மணி 2 நிமிடம். அப்பல்லோ 11 கிளம்ப இன்னும் 30 நிமிடம். இப்படி நிமிடம் வரை இறங்கியது வீண் பிடிவாதம் என்று சில உறுப்பினர்கள் நினைத்தார்கள். எந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. 9-ஆம் கை, விண்வெளி வீரர்கள் உள்ளே போகும் வெள்ளை அறையைத் தாங்கும் கை. அது கிளம்ப 43 நிமிடம் இருக்கும்போது 12 பாகை விலகி நின்றது. அவசரம் என்றால் திரும்பி வர வேண்டும் என்பதால் 5 நிமிடம் இருக்கும்போதுதான் முழுவதுமாகப் பின்னுக்குப் போனது. ஆகவே நம் மாதிரியில் அது விண்கலத்தை ஒட்டியும் இருக்கக் கூடாது, கோபுரத்தோடு மடிந்தும் இருக்கக் கூடாது. மற்றக் கைகளில் பெரும்பாலானவை ராக்கெட்டோடு இணைந்தே இருக்கும். தனியே நகரும் பராமரிப்புக் கோபுரம் திரவ ஆக்சிஜன் ஏற்றத் தொடங்குமுன்பே விலகிவிட்டது, அதனால் அதைக் கட்ட வேண்டாம். மேடையைத் தளத்துக்குச் சுமந்துவரும் ஊர்தி வண்டியும் அங்கே இல்லை. அதன் 8 சங்கிலிப் பட்டைகளுக்கு 57 வீதம் 456 காலணித் தகடுகளை வார்க்க அச்சு தயாரித்து வைத்திருந்த உறுப்பினர்களுக்கு இது வருத்தம்தான். அச்சு பத்திரமாக இருக்கிறது, வண்டியைத் தனி மாதிரியாகச் செய்யலாம். தேடுவிளக்குகளுக்கும் இதே கதிதான். காலை வெயிலில் எதற்கு விளக்கு? கோபுரத்துக்குள் ஏற்கெனவே இழுத்த 12 எல்.இ.டி. கம்பிகளைப் பிடுங்கினால் வண்ணம் உரியும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம், எரியாது.

நேரத்தோடு கோபுரத்தின் அடையாளமும் முடிவானது. கோபுரத்தைத் தாங்கிய நகரும் ஏவுமேடைகள் மூன்று இருந்தன. அப்பல்லோ 11 நின்றது முதலாம் மேடையில், அப்பல்லோ 12 இரண்டாம் மேடையில், 39பி தளத்திலிருந்து போன அப்பல்லோ 10 மூன்றாம் மேடையில். குழாய்ப் பாதை, மின்பெட்டி, படிக்கட்டு போன்ற சின்ன விஷயங்கள் மூன்றிலும் ஒன்றுபோல் இல்லை. படக்கோப்பில் மூன்றும் கலந்திருந்ததால் கோபுரத்தில் 200 அடி உயரத்திலுள்ள தளத்தின் ஒரு பக்கத்தை இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. பிற்கால விண்ணோட (ஷட்டில்) காலத்து நிலையான கோபுரத்தின் படங்களும் உள்ளே புகுந்திருந்தன. 39ஏயில் நின்ற அந்தக் கோபுரம் இரண்டாம் மேடையின் கோபுரப் பகுதிகளை வைத்துக் கட்டியது என்பதால் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும், அளவெடுத்தால் ஏமாற்றும். இப்போது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பயண எண்ணும் மேடை எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. எண் இல்லாத படத்தை வைத்து யாரும் எதையும் வெட்டக் கூடாது. படத்திலிருந்து அளவெடுக்க ராக்கெட்டின் 33 அடி விட்டமே அளவுகோல். மாதிரியில் அது 104.8 மி.மீ. ராக்கெட்டும் கோபுரமும் காமிராவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாத படங்களில் இந்த வழி பிசகும்.

மேடைப் பெட்டி. முதல் பெட்டி 6 மி.மீ. ஒட்டுப்பலகை மேல் 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியது. மழைக்காலத்தில் நடுவில் 3 மி.மீ. மேடு விழுந்தது. மரம் ஈரத்துக்கு விரிகிறது, ஸ்டைரீன் விரிவதில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும் என்பது தச்சுவேலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாவது பெட்டியில் மரமே இல்லை. 3 மி.மீ. அக்ரிலிக்கில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து கோத்த சட்டகம், மேலே 2 மி.மீ. ஸ்டைரீன். உயரம் 25 அடிக்கு 79.4 மி.மீ., நடுவில் ராக்கெட்டின் நெருப்பு இறங்கும் 45 அடிச் சதுர வாய் 142.9 மி.மீ. சட்டகத்தின் ஒவ்வொரு அறைக்கும் 5 மி.மீ. துளை இட்டிருக்கிறோம். இட மறந்த இரண்டு அறைகளில் கரைப்பான் பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கி மேல்தகட்டை இளக்கியது. பத்து நாள் கழித்துக் குழி விழுந்து தெரிந்தது. அந்தத் தகட்டுத் துண்டை வெட்டியெடுத்துப் புதிது பதித்தாயிற்று, வண்ணத்துக்கு அடியில் கண்டுபிடிக்க முடியாது.

கோபுரம். இங்கேதான் அதிக நேரம் போனது. தளங்கள் 18. மேடைமட்டம் 0, பிறகு 30, 60, 80 அடி. அதற்கு மேல் 360 வரை இருபது இருபதடியாக ஏறும். எல்லா இடைவெளியும் 20 அடிதான் என்று எண்ணி 63.5 மி.மீ. துண்டுகளாக வெட்டிய முதல் தொகுதி கழிவுக்குப் போனது. கீழே இரண்டு இடைவெளிகள் 95.25 மி.மீ. மேடையின் முகத்திலிருந்து 360 அடித் தளம் 1143 மி.மீ. உயரத்தில் வர வேண்டும்.

துண்டு துண்டாக அடுக்குவதே தவறான முறை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஒரு தளத்துக்கு 0.2 மி.மீ. கூடினால் 17 இடைவெளியில் 3.4 மி.மீ. ஆகிவிடும். நிஜத்தில் அது ஒரு அடிக்கு மேல். 320 அடித் தளத்திலிருந்து நீளும் 9-ஆம் கை கலத்தின் கதவுக்கு நேராக வராது. இப்போதைய முறையில் தூண்கள் முழுநீளம், தளங்களின் இடம் எல்லாம் மேடைமுகத்திலிருந்து ஒரே இரும்பு அளவுகோலில் குறித்தவை. முந்தைய தளத்திலிருந்து அடுத்த தளத்தை அளக்கக் கூடாது.

கோபுரம் அடியில் 60 அடிச் சதுரம், 80 அடித் தளத்தில் 40 அடிச் சதுரமாகக் குறுகி அங்கிருந்து நேராக ஏறுகிறது. இது நமக்குச் சாதகம். நேர்ப்பகுதி 280 அடி, 889 மி.மீ.; ஒரு மீட்டர் பித்தளைக் குழாயில் ஒட்டில்லாமல் வந்துவிடும். ஒட்டு 80 அடித் தளத்தில் விழுகிறது, அங்கே மூலைத்தகடு மூடிக்கொள்ளும். சாய்ந்த கால்களை 254 மி.மீ. வெட்டாதீர்கள். நான்கு பக்கமும் சமமாகச் சாயும் நம் வரைபடப்படி மூலைக்கால் இரண்டு திசையிலும் 10 அடி உள்ளே வருகிறது. அதன் நீளம் 258 மி.மீ. நான்கு மி.மீ. குறைந்ததைக் கம்பித்துண்டு வைத்து நிரப்பிய காலொன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

பற்றவைப்பு. தூணும் தளச்சட்டமும் 183 பாகை செல்சியஸில் உருகும் ஈயப்பற்றால், குறுக்குக் கம்பிகள் 145 பாகை செல்சியஸில் உருகும் பற்றால். வரிசை மாறினால் பக்கத்து இணைப்பு கழன்று விழும். ஈரப்பஞ்சு வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம், நம்பியிருக்க முடியாது. கோபுரம் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம் வேறு. குறுக்குக் கம்பியின் ஒரு முனையைப் பற்றவைத்த கையோடு, கம்பி சூடாக இருக்கும்போதே மறுமுனையையும் வைத்துவிட்டோம். கம்பி ஆறும்போது சுருங்கித் தூணை இழுக்கிறது. ஒரே பக்கத்தை மேல்வரை முடித்ததால் உச்சி 5 மி.மீ. சாய்ந்தது. மறுபடி எல்லாக் குறுக்கும் கழற்றி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, ஒரு முனை ஆறிய பிறகே மறுமுனை என்று வைத்ததில் நேரானது. தளம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது கட்டாயம். 127 மி.மீ. சதுரத்துக்கு அது 179.6 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 மி.மீ.க்கு மேல் போனால் அடுத்த தளத்துக்குப் போகக் கூடாது.

அமிலப் பசை தடவிப் பற்றவைத்த இடங்களை அன்றே சோடா உப்புக் கரைசலில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட 140 அடித் தளத்தில் பச்சை பூத்து, மேலே அடித்த ப்ரைமர் கொப்பளித்தது.

கைப்பிடிக் கம்பிகள். உயரம் 42 அங்குலத்துக்கு 11.1 மி.மீ. எட்ச் செய்த, அதாவது அமிலத்தில் அரித்து வெட்டிய பித்தளைத் தகட்டில் வாங்கினால் வேலை சுலபம், ஆனால் தகடு தட்டை. பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பி மறைந்துபோகும். படிக்கட்டுக்கும் வலைக்கண் தளங்களுக்கும் எட்ச் தகடு, கைப்பிடிக்கு உருட்டுக் கம்பி என்று பிரித்துக்கொண்டோம். மேடையின் ஓரம் முழுக்க ஒரே நீளமாக ஒட்டிய கைப்பிடி குளிர்ந்த நாட்களில் அலை அலையாக நெளிந்தது, வெயில் நாளில் ஒட்டு விட்டது. ஒட்டியவர் கையில் குறையில்லை. ஸ்டைரீன் வெப்பத்துக்கு விரிவது பித்தளையைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 508 மி.மீ. நீளத்தில் 10 பாகை மாறினால் கால் மி.மீ. வித்தியாசம். கால் மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் மெல்லிய கம்பி அந்தக் கால் மி.மீ.யைப் பக்கவாட்டில் பல மடங்காகக் காட்டிவிடும். இப்போது 100 மி.மீ.க்கு ஒரு வெட்டு, 0.3 மி.மீ. இடைவெளி, வெட்டு எப்போதும் ஒரு நிற்கும் கம்பியின் பின்னால். சூப்பர் க்ளூ வேண்டாம், சற்று இளகும் பசை போதும்.

சுழல்கைகள். முதலில் மூன்றை ரெசினில் த்ரீடி பிரிண்ட் செய்தோம். கையில் எடுத்துப் பார்த்தால் அழகு. கோபுரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டதும் ஆறு வாரத்தில் நுனி 4 மி.மீ. தாழ்ந்தது. ரெசின் தன் எடைக்கே மெல்ல இளகிக்கொடுக்கும், கோடையில் இன்னும் வேகமாக. மேல்சட்டத்துக்குள் 0.8 மி.மீ. எஃகுக் கம்பி செருகிய பிறகு தாழவில்லை. நுனியில் தொங்கும் எரிபொருள், காற்றுக் குழாய்களுக்குச் செம்புக் கம்பி பொருந்தாது; வளைத்த மடிப்பை மறக்காமல் விறைத்து நிற்கும். ஈயக்கம்பி தானாகத் தொய்ந்து நிஜக் குழாய் போலத் தொங்குகிறது. அதைத் தொட்டபின் கை கழுவிவிட்டே தேநீர் எடுங்கள்.

ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைத் தொகுப்பைத் திருத்தி எடுத்துக்கொண்டோம். திருத்தத்தில் பெரியது வண்ணம். 1966-இல் தளத்தைச் சோதிக்க நிறுத்திய 500எப் என்ற பறக்காத ராக்கெட்டின் வண்ணத்தைத் தொகுப்பின் தாள் காட்டுகிறது. அதில் முதல் கட்டத்தின் இரு தொட்டிகளுக்கு நடுப்பகுதியில் இருந்த கறுப்பு, பறந்தவற்றில் வெள்ளை.

கோபுரச் சிவப்பை நிஜ வண்ண மாதிரிக்கு நேராகக் கலந்து அடித்ததும் கறுத்துத் தெரிந்தது. சிறிய பொருளில் வண்ணம் அடர்த்தியாகவே தோன்றும். 10 பங்குக்கு 1 பங்கு வெள்ளை கலந்தபின் சரியானது. தளங்களைத் தனித்தனியே பூசிவிட்டு எபாக்ஸியில் பொருத்துங்கள். கட்டிய கோபுரத்துக்குள் ஏர்பிரஷ் நுழையாது, வெளிக்கம்பிகளில் மட்டும் வண்ணம் திரண்டு வழியும்.

சுடர்வாய்க்கால் 58 அடி அகலத்துக்கு 184 மி.மீ. மேடை அதன்மேல் 22 அடி, அதாவது 70 மி.மீ. உயரமுள்ள ஆறு பீடங்களில் நிற்கிறது. நெருப்புச் செங்கல் வரிகளைக் கீறியது தவறு. இந்த அளவில் எவ்வளவு மெல்லிய கீறலும் இரண்டங்குலச் சந்து போலத் தெரிகிறது. புட்டியால் மூடி, கூர்மையான பென்சிலில் கோடிட்டு, மங்கல் வார்னிஷ் அடிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் பூச்சுக்கு முன் சொல்லவும்.

பாக்கி வேலைகள்: 4, 5, 7-ஆம் கைகள், ராக்கெட்டின் வால்பகுதிக்கு இணைப்புகள் தரும் மேடையின் மூன்று கம்பங்கள், ராக்கெட்டை அடியில் பிடிக்கும் நான்கு பிடிகளில் இரண்டு, முதல் கட்டத்தின் ஆக்சிஜன் தொட்டி மேல் உறைபனி. மேடையும் கோபுரமும் நான்கு திருகுகளில் பிரியும். திருகுச்சாவி பதிவேட்டின் பின் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் உள்ளுயரம் 1500 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பீடம் முதல் உச்சி வரை மட்டும் 1413 மி.மீ. வருகிறது. பெட்டிக்கான வரைபடம் இத்துடன் சுற்றுக்கு விடப்படுகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்