பார்சிலோனாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் நான் பேசுவது காதில் விழவில்லை, எழுதிப் போடு என்று சொல்லியிருந்தாய். ஏழு மாசமாக ஒரு வரிகூட எழுதாதது என் தப்புதான். பாப்பா, இதைப் பாட்டிக்கு நிறுத்தி நிறுத்திப் படி.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். கடலோர ஊர், அதனால் பனி கொட்டாது. ஈரக்காற்றுதான் எலும்பு வரைக்கும் இறங்குகிறது. அறையில் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் அந்தச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. டெய்லர் மாமா கொடுத்த கம்பளி போதும்.

மேல்மாடியில் ஆப்பிரிக்காவில் இருக்கிற செனகல் நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். ஒரே தாம்பாளம், சுற்றி ஏழு பேர். தக்காளி போட்ட சோறு, மேலே மீன், முட்டைக்கோசு, மரவள்ளிக் கிழங்கு. கையில் எடுத்துப் பார்த்தால் நொய்! நம் வீட்டு நொய்யேதான் அம்மா. அவர்கள் ஊரில் இந்தச் சோற்றுக்கு முழு அரிசியைவிட நொய்யைத்தான் தேடி வாங்குவார்களாம். மீனைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் புதினா போட்ட டீ, மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், மூன்றாவது தித்திக்கும். நுரை பொங்க அவர் ஆற்றும்போது நம் பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் ஊரில் மீன் பிடித்தவர். வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் வாரிக்கொண்டு போக, வலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2006-இல் மரப்படகில், ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுக்கு வந்திருக்கிறார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அப்படி வந்து இறங்கியவர்கள் 31 ஆயிரத்துக்கும் மேல். அப்போதெல்லாம் மூன்று வருஷம் இருந்த பிறகுதான் இங்கே தங்குவதற்கான அனுமதிக் காகிதம் கேட்கவே முடியும், அதற்கும் வேலை ஒப்பந்தம் காட்டணும். காகிதம் இல்லாதவருக்கு யார் ஒப்பந்தம் தருவார்கள்? தெருவில் துப்பட்டி விரித்துப் பை, கண்ணாடி விற்றார். துப்பட்டியின் நாலு மூலையிலும் கயிறு. போலீஸ் தலை தெரிந்தால் ஒரே இழுப்பு, எல்லாம் மூட்டையாகிவிடும், தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இப்படி ஓடியவர்களே 2015-இல் சங்கம் கட்டினார்கள். 2017-இல் சொந்தமாகத் துணி பிராண்டே ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே மந்தா என்றால் துப்பட்டி. தெரு வியாபாரத்தை 'டாப் மந்தா' என்று ஊரார் இளக்காரமாகச் சொல்வார்கள். அதையே பிராண்டுக்குப் பேராக வைத்தார்கள். கொரோனா வந்தபோது, ஊர் முழுக்க அடைபட்டிருக்க, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மாஸ்க்கும் கவுனும் தைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். 2021-இல் செருப்பும் கொண்டுவந்தார்கள், ஓடுகிறவர் போடுகிற மாதிரி ஷூ. 'அந்தே தெம்' என்று பேர். அவர்கள் பாஷையில் சேர்ந்து நடப்பது என்று அர்த்தமாம். துரத்தப்பட்டு ஓடிய கால்கள் அம்மா, அவர்களே செய்த செருப்பு. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

திங்கட்கிழமை எனக்கு விடுப்பு. அண்ணா தையல் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பனியன் கம்பெனியில் இருந்தவன் என்றதும் ஓவர்லாக்கில் உட்காரச் சொன்னார்கள். பெடலை மிதித்ததும் அந்தச் சத்தம்! ராத்திரி ஷிப்ட் முடிந்து நீ பிசிறு வெட்டிய விரலோடு வந்து எனக்குச் சோறு போடுவாயே, அந்த வாசலுக்கே போய்விட்டேன். ஒரு பீஸ் முழுக்கக் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் தைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சின்னக்குட்டி காதுகுத்து விஷயம். எனக்காகத் தேதியைத் தள்ள வேண்டாம், லீவு கிடைக்கவில்லை. மாமன் மடி காலியாக இருக்கக் கூடாது, பழனியை உட்காரச் சொல். அவனுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடு. தோடு நான்தான் போடுவேன். பணம் அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள் வரும். இந்த மாசம் குறைவாக வந்ததற்குக் காரணம் பேங்கு கணக்கு மாற்றினதுதான், வேறொன்றுமில்லை. மேட்டாங்காட்டு மாமாவிடம் மட்டும் கைநீட்டாதே, வட்டி ஏறிவிடும். அவசரமென்றால் சீட்டுப் பணத்தை எடு. அக்காவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்.

சின்னக்குட்டிக்குப் பாவாடை சட்டை இங்கிருந்தே தைத்து அனுப்புகிறேன். பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணி ஒன்று அண்ணா கொடுத்திருக்கிறார், நல்ல மஞ்சள். பாப்பா, தோள், இடுப்பு, உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து உடனே எழுது. வளர்கிற பிள்ளை, ஒரு அங்குலம் கூட்டியே எழுது.

உன் மகன்